எங்கே ஒழுகுகிறது?



தை இதழை அச்சகத்தில் கொடுத்துவிட்டு, திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் சேவுகம்பட்டிக்கு பஸ் ஏறினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொங்கல் அவ்வளவு சீக்கிரம் முடியாது. தை 3ஆம் நாள் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழா. வேண்டுதல் பலித்தவர்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து வீசுவார்கள். ஏந்திப் பிடிக்க ஊரே கீழே நிற்கும். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் அதைப் பார்க்காமல் மூட்டை கட்டுவதில்லை. ஆக, மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டில் தலையை எண்ணினால் பதினொன்று. குளியலறை ஒன்று.

காலை ஐந்தரைக்கு மச்சான்தான் முதலில் துண்டோடு போனார். கீசர் சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. மறு நொடி வீடே இருட்டு. மெயின் போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவுத் துண்டிப்பான்) விழுந்திருந்தது. தூக்கிவிட்டோம், கீசரைப் போட்டதும் மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை முயன்று பார்க்கும் தைரியம் யாருக்கும் இல்லை. அது நல்லதுதான். விழுந்த ஆர்சிசிபியைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதும், தொல்லை தாங்காமல் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக்கொள்வதும் நம் வீடுகளில் நடக்கிற மிக மோசமான பழுதுபார்ப்பு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். அது விழுந்ததால்தான் மச்சான் துண்டோடு திரும்பி வந்தார்.

வந்ததும் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "ஒம்பது வருசம் ஆச்சுல்ல? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிரு மாப்ள."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒம்பது வருசமெல்லாம் ஒரு வயசா? பின்னாடி நிக்கிற பாய்லரு என் சீர்ல வந்ததுப்பா. இன்னைக்கும் தண்ணி காயுது."

காய்ந்தது. அன்றைக்குப் பதினொரு பேரும் குளித்தது அந்தச் செம்புப் பாய்லர் தயவில். பார்த்திராத இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நடுவில் ஒரு குழாய் மேலிருந்து கீழ்வரை ஓடும், நெருப்பு அந்தக் குழாய்க்குள். தண்ணீர் அதைச் சுற்றி நிற்கும். மேலே ஒரு மூடி, பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய், அடியில் கங்கு விழ ஒரு சல்லடை. இரண்டு கொட்டாங்குச்சி, கொஞ்சம் தென்னை மட்டை, பன்னாடை. கால் மணியில் கை வைக்க முடியாது. அதில் மறைவான பாகம் என்று ஒன்றுகூடக் கிடையாது. எங்கே ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியும். பற்று வைக்கத் தெரிந்தவர் யாரானாலும் அடைத்துவிடலாம். ஆனாலும் அந்தக் காலமே பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மழை நாளில் நனைந்த மட்டையை ஊதி ஊதி அம்மாவின் கண் சிவந்து நிற்பதைப் பார்த்துத்தான் ஒன்பது வருடத்துக்கு முன்னால் கீசரே வாங்கினோம்.

திருவிழா முடிந்த மறுநாள்தான் ரிப்பேர் தம்பி வந்தார், வத்தலக்குண்டிலிருந்து. அவர் வேலை பார்த்த விதத்தைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் மெயினை அணைத்தார். தண்ணீர் வரும் வால்வை மூடி, தொட்டியை வடித்தார். அடி மூடியைக் கழற்றி எலிமெண்டை வெளியே இழுத்தார். சுருள் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிதான் வந்தது, பழைய சுவரிலிருந்து காறை பெயர்ந்து வருகிற மாதிரி. தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் அப்படி. குடிக்கக் குழாய்த் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் இந்த உப்புத் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் 'தற்காலிகக் கடினத்தன்மை' என்று படித்திருப்பீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டால் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படியும். பரீட்சைக்கு எழுதி மறந்த அந்தச் சமன்பாடு நம் தலைக்கு மேலே தினமும் காலையில் நடந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் போகப் போகப் படிவதும் வேகம் பிடிக்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிற மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. குளிக்கிற தண்ணீருக்கு என்ன கணக்கு என்று கீசர் வாங்கும்போது நாம் கேட்பதே இல்லை.

படிவு ஏறிய எலிமெண்ட் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கடைசியில் உறை வெடித்து, மின்சாரம் தண்ணீரில் கசியும், ஆர்சிசிபி விழும். கொதிக்கும் கெட்டில் மாதிரி கீசருக்குள் கடகடவென்று சத்தம் கேட்பதும் இந்தச் சுண்ணாம்பால்தான். எங்கள் வீட்டிலும் கதை இதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. "எலிமெண்ட் மாத்திட்டா சரியாப் போயிரும்ல தம்பி?" என்றேன்.

"ஓடும்ணே. ஆனா ஒரு டவுட்டு இருக்கு. பழைய பேப்பர் ஏதாச்சும் குடுங்க."

பக்கத்தில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். நம் பத்திரிகையின் கார்த்திகை இதழ்! அதை நீள நீளமாகக் கிழித்தார். எலிமெண்டைத் திரும்ப மாட்டி, மின்சாரம் கொடுக்காமல் தண்ணீரை மட்டும் நிரப்பினார். எல்லா இடத்தையும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தண்ணீர் உள்ளே வரும் இணைப்பில் ஒரு துண்டு, வெளியே போகும் இணைப்பில் ஒன்று, சேஃப்டி வால்வின் வாயில் ஒன்று, எலிமெண்ட் கேஸ்கெட்டைச் சுற்றி ஒன்று, வெளிக்கூட்டின் அடியில் நுரைப்பஞ்சு முடிகிற ஓரத்தில் ஒன்று என்று காகிதத்தைச் செருகினார். "அரை மணி கழிச்சுப் பாப்போம். டீ இருக்காம்மா?"

அரை மணி கழித்து நான்கு துண்டும் காய்ந்திருந்தன. ஓரத்தில் செருகியது மட்டும் ஊறி, துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் தொங்கியது. அது என்னுடைய ஆசிரியர் பக்கம். அந்தக் கட்டுரைக்கு வந்த விமர்சனங்களில் இதுதான் ஆகக் கடுமையானது.

"தொட்டி போயிருச்சுண்ணே. உள்ள ஓட்டை விழுந்து, பஞ்சு வழியா எறங்கி, எலிமெண்ட் டெர்மினல்ல சொட்டியிருக்கு. அதான் ட்ரிப் ஆகுது. நீங்க எலிமெண்ட் மாத்தியிருந்தா ஒரு மாசம் ஓடியிருக்கும். அப்பறம் என்னையத் திட்டியிருப்பீங்க."

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்விக்கு விடை அந்த ஈரக் காகிதத்தில் இருந்தது. மச்சான் வயதைச் சொன்னார். கடையில் கேட்டால், ரிப்பேர் செலவு புதிதின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள் என்பார்கள். இரண்டுமே அரைக் கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. தம்பி போட்ட கணக்கில் எலிமெண்ட், தெர்மோஸ்டாட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். புதிதின் விலையில் கால்வாசிதான். பாதி விலைக் கணக்குப்படி ரிப்பேர்தான் சரி என்று ஆகியிருக்கும். அந்தப் பணம் ஓட்டைத் தொட்டியில் போயிருக்கும். அதே நேரம், பன்னிரண்டு வருடமான கீசரில் தொட்டி நன்றாக இருந்து தெர்மோஸ்டாட் மட்டும் போயிருந்தால், வயதைப் பார்த்துத் தூக்கிப்போடுவது வீண். எலிமெண்ட், தெர்மோஸ்டாட், கேஸ்கெட், வால்வு, வயர் இவையெல்லாம் மாற்றுவதற்கென்றே இருப்பவை. தொட்டி அப்படி இல்லை. வீட்டுக் கீசரில் உள்தொட்டியைச் சுற்றி நுரைப்பஞ்சை ஊற்றி இறுக்கி மூடிவிடுகிறார்கள். பிரித்தால் திரும்பச் சேராது. உங்கள் கீசரின் அடியில் ஈரம் தெரிந்தால் பயந்துபோய்க் கடைக்கு ஓட வேண்டாம். சேஃப்டி வால்வு சொட்டுவது தொட்டி ஒழுகுவது ஆகாது. தண்ணீர் சூடாகும்போது விரியும். அழுத்தம் ஏறினால் அந்த வால்வு கொஞ்சம் சொட்டத்தான் வேண்டும். அதைத் துணி வைத்துக் கட்டியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பக்கம் நான் குளிக்கப் போவதில்லை.

திண்டுக்கல்காரனுக்கு இந்த 'மூடி ஒட்டிவிட்ட' பொருளைப் பார்த்தால் எரிச்சல் வருவது இயற்கை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கையால் செய்த பூட்டு. உள்ளே நெம்புத் தகடு தேய்ந்தால் பட்டறையில் பிரித்து, தகட்டை மாற்றி, ராவி, திருப்பிக் கொடுப்பார்கள். சாவி தொலைந்தாலும் பூட்டு சாகாது. பொருளைச் செய்தவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் நடுவில் அங்கே சுவர் இல்லை. இந்தச் சுவரைப் பற்றி அரசாங்கமும் இப்போது யோசிக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு அமைத்து, அதே டிசம்பரில் தனி இணையதளமும் திறந்தது. வீட்டுச் சாதனங்களும் அதில் அடக்கம். உதிரி பாகம் இல்லை என்று கைவிரித்தாலோ, உத்தரவாதக் காலத்தில் இழுத்தடித்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். உத்தரவாத அட்டையை எடுத்துப் பாருங்கள்: தொட்டிக்கு ஒரு காலம், எலிமெண்டுக்கு ஒரு காலம், மொத்தப் பொருளுக்கு ஒரு காலம் என்று மூன்று உத்தரவாதம் தனித்தனியாக இருக்கும். தொட்டிக்குத்தான் நீளமான காலம். 'ரெண்டு வருசம் முடிஞ்சுபோச்சே' என்று தொட்டிக்கான உத்தரவாதத்தை விட்டுக்கொடுத்தவர்கள் அநேகம்.

எங்களுக்கு எல்லாக் காலமும் முடிந்திருந்தது. ஆனால் தொட்டி ஏன் போனது?

தம்பி இன்னொரு பாகத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். துணி காயப்போடும் கொடிக்கம்பித் துண்டு மாதிரி இருந்தது. "மெக்னீசியம் ராடுண்ணே. புதுசுல கட்டைவிரல் தண்டி இருக்கும். இத ஒருத்தரும் மாத்தலயே?" ஐந்தாம் வருடம் ஒரு முறை எலிமெண்ட் மாற்றினோம். வந்தவர் ராடைப் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

இந்த ராடின் கதை பழையது. 1820களில் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானியிடம் கடற்படை ஒரு புகாரோடு வந்தது: கப்பலின் அடியில் அடித்த செம்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்கிறது. அவர் செம்போடு சேர்த்துத் துத்தநாகத்தையோ இரும்பையோ கொஞ்சம் பொருத்திப் பார்த்தார். அரிப்பு முழுக்க அந்தத் துண்டுக்குப் போனது, செம்பு தப்பியது. (அரிக்காத செம்பில் சிப்பியும் பாசியும் குடியேறிக் கப்பல் மெதுவாகிப்போனது வேறு கதை.) கீசர் தொட்டிக்குள் நடப்பதும் இதுதான். உள்பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும், இரும்பு துருப்பிடிப்பதற்குப் பதில் மெக்னீசியம் கரைகிறது. ராடு இருக்கிறவரை தொட்டி இருக்கும். அது தீர்ந்த நாளிலிருந்து தண்ணீர் தொட்டியைத் தின்ன ஆரம்பிக்கும். நல்ல தண்ணீரில் சில வருடம் தாங்கும் ராடு எங்கள் உப்புத் தண்ணீரில் சீக்கிரமே கரைந்துவிடும். விலையோ சில நூறு ரூபாய். நான்கு வருடத்துக்கு முன்னால் அதைச் செலவழித்திருந்தால் இன்றைக்குப் புதிது வாங்கியிருக்க மாட்டேன் என்று உள்ளங்கையில் இருந்த கம்பி சொன்னது.

சரி, புதிதுதான் என்று முடிவானது. எதை? இங்கேதான் உறவினர் சபை மறுபடி கூடியது.

சோலார் போடலாம் என்றான் என் தம்பி மகன். கொடைக்கானலில் இருப்பவர் கேட்டால் உடனே தலையாட்டுவேன். அந்த மலை எங்கள் வாசலில் நின்றால் தெரிகிறது, ஆனால் குளிர் அங்கேயே தங்கிவிடுகிறது. எங்களுக்கு வெந்நீர் வேண்டியது ஐப்பசி தொடங்கி மாசி வரைதான். சித்திரை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரைத் தணிப்பதற்கு வேண்டுமானால் ஒரு கருவி கண்டுபிடிக்கலாம். பக்கத்து வீட்டில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் இருக்கிறது. வெயிலில் குழாய் காலியாகக் காய்ந்து கிடந்தபோது யாரோ மோட்டாரைப் போட, குளிர்ந்த தண்ணீர் பட்டு இரண்டு குழாய் வெடித்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அதில் போன குழாயை மட்டும் மாற்ற முடிந்தது. தட்டைத் தகடு வகையில் உப்பு அடைத்தால் மெல்லிய செம்புக் குழாய்களைச் சுத்தம் செய்வதே பெரும்பாடு. கேஸ் கீசர் பேச்சை அம்மா எடுக்கவே விடவில்லை, நானும் ஆமோதித்தேன். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

மச்சான் ஐந்து நட்சத்திரம்தான் வேண்டும் என்று நின்றார். கீசரில் அந்த நட்சத்திரம் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பலருக்கும் தெரியாது. சூடாக்கி வைத்த தண்ணீர் சும்மா நிற்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான் நட்சத்திரம். நாள் முழுக்கச் சுவிட்ச் போட்டே வைத்திருக்கும் வீட்டுக்கு அது பெரிய விஷயம். இருபது நிமிடம் போட்டு, அணைத்து, குளிக்கிற வீட்டுக்கு அவ்வளவு இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக எந்தக் கீசரானாலும் ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும். இரண்டு கிலோவாட் எலிமெண்டுக்குப் பதினெட்டு நிமிட வேலை. அந்த இயற்பியலை எந்த நட்சத்திரமும் மாற்றாது. நான் கடைக்காரரிடம் கேட்டது வேறு மூன்று: உள்பூச்சு என்ன, எங்கள் மாதிரி உப்புத் தண்ணீருக்கு ஏற்ற எலிமெண்டா, மெக்னீசியம் ராடு தனியாக விற்கிறீர்களா. மூன்றாவது கேள்விக்கு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வத்தலக்குண்டில் நான்காவது கடையில்தான் 'இருக்கு' என்றார்கள். ராஜமய்யர், பி. எஸ். ராமையா என்று பத்திரிகை ஆசிரியர்களைக் கொடுத்த ஊரில் ஒரு பத்திரிகை ஆசிரியன் மெக்னீசியம் ராடு தேடி அலைந்த வரலாறும் இருந்துவிட்டுப் போகட்டும்.

புதிது மாட்டும்போது தம்பி தெர்மோஸ்டாட்டை 60இல் வைத்தார். இதற்கும் வெகுவாகக் கீழே இறக்கி, வெதுவெதுப்பிலேயே நாள்கணக்கில் வைத்திருந்தால் கிருமி வளரும். மேலே ஏற்றினால் சுண்ணாம்பு வளரும். வருடத்துக்கு ஒரு முறை எலிமெண்டைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊற வைத்தால் போதும் என்றார். குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடச் சொன்னார். உள்பூச்சில் விரிசல் இருந்தால் அது இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்டினார், எர்த் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு.

பழைய இரும்புக்காரர் கீசருக்கு இருநூறு ரூபாய் கொடுத்தார். பின்கட்டில் இருந்த பாய்லரைப் பார்த்ததும் அவர் நடை நின்றுவிட்டது. செம்பின் விலையைச் சொல்லிக் கொஞ்சநேரம் அம்மாவிடம் ஆசை காட்டினார். அம்மா பதில் சொல்லாமல் அதன் குழாய் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவும் இரண்டு நாளாகச் சொட்டியது. மறுநாள் பற்று வைத்தாயிற்று, நூற்றைம்பது ரூபாய்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழுது நடந்திருக்கும். என்ன ஒழுகியது, யார் கண்டுபிடித்தார், கடைசியில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பழுது பார்க்கும் கைகளைப் பற்றி ஒரு தனி இதழே போடும் எண்ணம் இருக்கிறது. ரிப்பேர் தம்பி போகும்போது புதுக் கீசரின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆவியில் அழிந்துவிடுமாம். எங்கள் வீட்டு அடுப்படிக் கதவின் உட்புறத்தில்தான் சிலிண்டர் மாற்றிய தேதி, பால் கணக்கு, பசு சினைப்பட்ட நாள் எல்லாம் பென்சிலில் இருக்கும். கிளம்புகிற அன்று பார்த்தேன். கடைசி வரியாக, 'மக்கினீசியம், அடுத்த தை' என்று அம்மா எழுதியிருந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்